மருந்து கலந்த பால்

தங்கராசு பொய் சொல்லுகிறவர் இல்லை, பெருமை பேசுகிறவர். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வரப்பு ரொம்பக் குறுகல் என்பதும், அதில் நடந்தால் கால் வழுக்கும் என்பதும் அவருக்கு ஐம்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. அதுவும் மகளைப் பெண் பார்க்க வந்திருந்த ஞாயிற்றுக்கிழமையன்று.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் அலுவலக உதவியாளர். கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு எடுத்துப் போவது, தபால் உறையில் இருக்கிற எண்ணும் பதிவேட்டில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது, இதுதான் வேலை. முப்பது வருஷத்தில் ஒரு தபால்கூட மாறிப் போனதில்லை. ஆனால் இந்தப் பெருமையெல்லாம் மகள் அனுப்பிரியா வேலைக்குப் போகிறவரைதான். அவள் சிதம்பரத்தில் வேதியியல் முதுகலை முடித்து, சிப்காட் தொழிற்பேட்டைக்கு அப்பால் இருக்கிற ஒரு தனியார் பால் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுக்குச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவர் தன்னைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

பாக்கெட்டில் அடைக்கப்போகிற பாலில் வைட்டமின் ஏ, வைட்டமின் டி இரண்டையும் அளந்து சேர்ப்பது அவள் பொறுப்பு. ஒரு லிட்டருக்குச் சேருகிற வைட்டமின் டியின் அளவு என்ன என்று அவர் ஒருநாள் கேட்டார். ஒரு கடுகை நானூறு துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு என்றாள். அவருக்கு மயக்கமே வந்துவிட்டது.

"கடலூர்ல அடிக்கிற வெயிலுக்கு வைட்டமின் டி பால்ல வேற வேணுமாம்மா? வெயில்ல நின்னாலே வருமாமே, டிவில சொன்னான்" என்றார்.

"வெயில் அடிக்குதுப்பா. அதுல யாரு நிக்கிறா?" என்றாள் அவள்.

செய்கிற காரியத்துக்குத் தமிழில் 'செறிவூட்டல்' என்று பெயர் என்றும், பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது என்றும் சொல்லிக்கொடுத்தாள். தங்கராசுவின் வாயில் அது நுழையவில்லை. முதல் தடவை 'செரிமானமூட்டல்' என்றார். இரண்டாம் தடவை அதைவிட மோசம். கடைசியில் அலுத்துப்போய், தனக்குத் தெரிந்த மரியாதையான வார்த்தையாகப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டார். மருந்து. "எம்பொண்ணு பால்ல மருந்து கலக்குறா." அலுவலகத்தில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் நம்முடைய பக்கத்தில் மருந்து என்றால் ஒன்றல்ல, மூன்று. ஆஸ்பத்திரியில் கொடுப்பது ஒன்று. வயலில் பூச்சிக்கு அடிப்பது இன்னொன்று. மூன்றாவதைப் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். கல்யாணமான பிள்ளை அம்மா பேச்சைக் கேட்காமல் பெண்டாட்டி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினால், "மருந்து வச்சிட்டா" என்பார்கள். சோற்றில் வைத்தாளா, பாலில் வைத்தாளா என்று விசாரணை நடக்கும். அந்த மருந்தை எடுக்கவென்றே ஊருக்கு ஓர் ஆள் இருப்பார். தங்கராசுவுக்கு இது தெரியாததல்ல. பேசுகிற நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை செம்பியன் சிதம்பரத்தில் கணக்கு வாத்தியார். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் தங்கராசுவின் மச்சான் பக்கிரி. மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மாள், குமராட்சிப் பக்கம் வயல் வேலை செய்து, புருஷன் போன பிறகு தனியாளாக இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்தவர். வந்ததிலிருந்து எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கேசரி நன்றாயிருந்தது. பையனும் பெண்ணும் மொட்டைமாடியில் பத்து நிமிஷம் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு இறங்கி வந்தார்கள். காபி வந்தது. அப்போதுதான் ரத்தினம்மாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"பொண்ணு இன்னா வேலண்ணே பாக்குது? பக்கிரி ஏதோ பால் கம்பெனின்னாரு."

தங்கராசுவின் மனைவி இருசம்மாள் "லேபுலங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"சாதாரண வேல இல்ல தங்கச்சி! பால்ல மருந்து கலக்கறதே எம்பொண்ணுதான். இங்கேருந்து பண்ருட்டி வரைக்கும் காலைல எந்த ஊட்டுல காப்பி குடிச்சாலும் அதுல எம்பொண்ணு கைமருந்து இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது. வாசம் வராது, ருசி மாறாது. இப்ப நீங்க குடிக்கறீங்களே, இதுவும் அந்தப் பால்தான். குடிங்க, குடிங்க!"

ரத்தினம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு மகனுடைய டம்ளரைப் பார்த்தார். அது காலி. அதுமட்டுமல்ல, செம்பியன் இன்னொரு டம்ளர் வருமா என்று சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பறோம்" என்றார் ரத்தினம்மாள். அவர்கள் வந்திருந்தது வாடகைக் கார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று எழுதிவைத்தவர் யாரோ, தங்கராசுவைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் பக்கிரி வந்து சேர்ந்தான். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"பொண்ணு தங்கமாம் மாமா. குடும்பம் நல்ல குடும்பமாம். ஆனா அந்தம்மா பயப்புடுது. 'ஊருக்கே மருந்து கலக்கறவ, எம்புள்ளைக்குக் கலக்க எம்மாம் நேரம் ஆவும்'னு கேக்குது."

"அடப்பாவி! அது வைட்டமினுடா!"

"எனக்குத் தெரியும் மாமா. நீ அன்னிக்கி வைட்டமின்னா சொன்ன? வாசம் வராது, ருசி மாறாது, ஒருத்தருக்கும் தெரியாதுன்னு வேற சொன்ன. மருந்து வைக்கிறவன் கூட இவ்ளோ வெவரமா சொல்ல மாட்டான்."

பிறகு பக்கிரி மூத்தவன் கதையைச் சொன்னான். ரத்தினம்மாளின் மூத்த மகன் கதிர்வேல் கல்யாணமான ஆறாவது மாதமே மனைவி ரேகாவைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டான். இரண்டு பொங்கலாக வீட்டுக்கு வரவில்லை. மருமகள் பாலில் மருந்து வைத்துவிட்டாள் என்று அந்தம்மா அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா?

வேலை முடிந்து வந்த அனுப்பிரியா முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றும் தண்ணீர் நிற்கவில்லை.

"எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சுப்பா" என்றாள். "அவ்ளோ பெரிய டேங்குல அத்துணூண்டு வைட்டமின ஊத்தினா, எல்லாப் பாக்கெட்டுக்கும் சமமா போயிருக்குன்னு எப்படித் தெரியும்னு கேட்டாரு. இதுவரைக்கும் ஒருத்தருமே அதக் கேட்டதில்ல. நேத்து மெசேஜ் அனுப்பியிருக்காரு, அண்ணன் விஷயத்துல அம்மா ரொம்ப அழுதுட்டாங்க, திரும்ப அழ வைக்க முடியாது, கொஞ்சம் டைம் குடுங்கன்னு."

இதற்கு முன் வந்த மூன்று வரன்களையும் அவள் "சரி, உங்க இஷ்டம்" என்று சொன்னவள். புடிச்சிருக்கு என்று அவள் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை. மகளின் ஆசையை வேறு யாராவது கெடுத்திருந்தால் சண்டைக்குப் போகலாம். தன் வாயோடு யார் சண்டை போடுவது?

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். சிதம்பரத்துக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். இருசம்மாள் வாசல்வரை வந்தாள்.

"போங்க. வேணாங்கல. ஆனா அங்க போயி வாயத் தொறக்காதீங்க."

"தொறக்காம எப்படிடீ சொல்றது?"

"அது எனக்குத் தெரியாது. தொறந்தா இன்னா ஆவும்னு தெரியும்."

அவர் நேரே உள்ளே போய், காலையில் காபிக்குப் பிரித்த பால் பாக்கெட்டின் காலி உறையை எடுத்துக் கழுவி, துண்டில் துடைத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முப்பது வருஷம் தபால் பார்த்தவருக்குக் அச்சடித்த எழுத்தின் மேல்தான் நம்பிக்கை.

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் உதட்டுக்குள் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார். செறிவூட்டல். செறிவூட்டல். செரி... புதுச்சத்திரம் வரைக்கும் விடவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா அவர் ஏதோ வேண்டுதலில் இருக்கிறார் என்று நினைத்து, மடியிலிருந்த பையை நகர்த்திக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்தார்.

ரத்தினம்மாளின் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் புறம். கதவு திறந்திருந்தது. அந்தம்மா கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாங்கண்ணே" என்றார். வாய் வாங்க என்றது, முகம் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுவதற்குள் இரண்டு தடவை "அம்மாடி" என்றார். "ஒக்காருங்க. தம்பி ஸ்கூலுக்குப் போயிருக்கு. நான் இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தேன். ஒடம்பெல்லாம் வலி, எலும்புக்குள்ளயே குத்துது. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க."

மேசைமேல் ஆஸ்பத்திரி உறையும், அதன் பக்கத்தில் மிளகுத்தூள் பாக்கெட் அளவில் நாலு சின்னப் பொட்டலங்களும் கிடந்தன. தங்கராசுவின் கண் தன்னாலேயே பொட்டலத்தின் எழுத்துக்குப் போனது. ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. ஆனால் இந்த எழுத்தும் அந்த எழுத்தும் ஒன்றுதானா என்று பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சட்டைப் பையிலிருந்து பால் உறையை எடுத்துப் பிரித்துப் பொட்டலத்தின் பக்கத்தில் வைத்தார். எழுத்து எழுத்தாக விரலை நகர்த்தினார். ஏழு எழுத்து ஒத்துப்போயிற்று. அதற்கு அடுத்தாற்போல் தனியாக நின்ற ஒற்றை எழுத்தும் ஒத்துப்போயிற்று.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நாக்கு துடித்தது. இருசம்மாளை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். உறையை ரத்தினம்மாள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார்.

"இது இன்னாண்ணே, காலிப் பாக்கெட்ட எடுத்தாந்திருக்கீங்க?" ரத்தினம்மாள் ஐந்தாம் வகுப்பு படித்தவர். உறையைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். "செறி... வூட்டப்பட்ட பால். வைட்டமின் ஏ. வைட்டமின்... டி."

அங்கே நின்றார்.

"டாக்டரம்மா இந்த டியத்தான சொன்னாங்க? எனக்கு டி கம்மியா இருக்குன்னு?"

தங்கராசு தலையை ஆட்டினார்.

"அந்தப் பொட்டலம்? அதுவும் இதானா?"

ஆட்டினார்.

"அத வாரத்துக்கு ஒண்ணு..." ரத்தினம்மாளின் குரல் மெதுவானது. "பால்ல கலக்கிக் குடிக்கச் சொன்னாங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. தங்கராசு கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அவரைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

"ஏண்ணே, இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? மொட்டையா மருந்து மருந்துன்னா?"

இனிமேல் வாயைத் திறக்காவிட்டால் அவமரியாதை. "எனக்கு அந்தப் பேரு வாயில நொழையல தங்கச்சி."

"எந்தப் பேரு?"

"செரி... செரிமான..." அவ்வளவு தூரம் பேருந்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று.

"செறிவூட்டப்பட்ட" என்றார் ரத்தினம்மாள், கொஞ்சம்கூடத் தடுமாறாமல். பிறகு சிரித்துவிட்டார். சிரித்தால் விலா வலித்தது, வலியோடே சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் பேச ஆரம்பித்தார். "டாக்டரம்மா, வெயில்ல நிப்பீங்களான்னு கேட்டாங்க. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியலண்ணே. குமராட்சில எத்தினி போகம் நட்டிருப்பேன், எத்தினி போகம் அறுத்திருப்பேன். இனிமே வெயில்ல எறங்கறதில்லன்னு வைராக்கியமா வந்தேன். சின்னவன் மொத சம்பளத்துல இந்த ஃபேன வாங்கி மாட்டினான். அன்னிக்கி இதுக்குக் கீழ ஒக்காந்தவதான். இப்ப அந்த வெயிலையே போயி தெனம் கொஞ்சம் நேரம் வாங்கிக்கன்றாங்க."

தங்கராசுவும் குமராட்சிப் பக்கத்துக்காரர்தான். வெயிலுக்குத் தப்புவதற்காகவே பத்தாவது பாஸ் பண்ணியவர். அவருக்கு அது நன்றாகவே புரிந்தது.

"பெரியவன் விஷயம் பக்கிரி சொல்லியிருப்பாரு" என்றார் ரத்தினம்மாள், பொட்டலத்தைக் கையில் உருட்டிக்கொண்டே. "ரேகா ஒண்ணும் வைக்கலண்ணே. எனக்கே தெரியும். அவனுக்கு ஓசூர்ல வேல கெடச்சுது, போனான். நான்தான் வாயில வந்ததச் சொல்லி அவளத் திட்டி அனுப்பினேன். எந்த மூஞ்சோட அவ வருவா? மருந்து வச்சிட்டான்னு சொல்லிக்கிட்டா, எம்புள்ள மேல தப்பில்லன்னு ஆவுது, எம்மேலயும் தப்பில்லன்னு ஆவுது. அதுக்குத்தான் சொல்லிக்கினு இருந்தேன்."

தங்கராசுவின் கண் கலங்கியது. வாயால் கெடுத்துக்கொண்ட ஆள் தான் மட்டும் இல்லை என்று தெரிந்தபோது அந்தம்மாவின் மேல் பாசமே வந்துவிட்டது.

"தங்கச்சி, எம்பொண்ணு உங்க கூடவே இருப்பான்னு சத்தியம் பண்ண நான் வரல. நாளைக்கி எங்க வேலயோ அங்கதான போவும் புள்ளைங்க. ஆனா அவளுக்கு உங்க புள்ளயப் புடிச்சிருக்கு. எங்கிட்டயே சொன்னா. என் வாயால அது கெட்டுப் போவக் கூடாது. அதான் வந்தேன்."

ரத்தினம்மாள் பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "பொண்ணுக்குப் போன் போடுங்க" என்றார். "இத சூடான பால்ல கலக்கறதா, ஆறின பால்லயான்னு கேக்கணும். டாக்டரம்மாகிட்ட கேக்க மறந்துட்டேன்."

அனுப்பிரியா எடுத்தபோது பின்னால் இயந்திரச் சத்தம். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் நகர்ந்து போனாள் போல, சத்தம் குறைந்தது. பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"வெதுவெதுன்னு இருந்தா போதும். மொதல்ல கொஞ்சமா பால் எடுத்து அதுல நல்லாக் கரைச்சுக்குங்க. அப்பறம் மீதிப் பால ஊத்திக் கலக்குங்க. நாங்க இங்க டேங்குலயும் அப்படித்தான் செய்யறோம் அத்தை."

ரத்தினம்மாள் கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு தங்கராசுவைப் பார்த்தார். "அத்தைங்கறாண்ணே" என்றார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

ஆவணியில் மஞ்சக்குப்பத்திலேயே கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே ஓசூரிலிருந்து கதிர்வேலும் ரேகாவும் வந்து இறங்கினார்கள். ரத்தினம்மாள் போன் பண்ணி என்ன சொன்னாரோ, யாருக்கும் தெரியாது. மூன்று நாள் தொடர்ந்து பேசினார் என்று மட்டும் செம்பியன் சொன்னார். வந்தார்களே தவிர, ரேகா கல்யாண மண்டபத்தில் ஒரு தூணோரமாகத்தான் நின்றாள். மாமியார் பக்கம் போகவில்லை.

தாலி கட்டி முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்துப் பால் பழம் கொடுக்கிற நேரம். மண்டபத்தில் ஒரே கூட்டம். இருசம்மாள் வெள்ளி டம்ளரோடு வந்தாள்.

"சம்பந்தி, இது இன்னா பாலு?" என்று ரத்தினம்மாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். "மருந்து கலந்ததுதான? அது இல்லன்னா எம்புள்ளைக்குக் குடுக்காதீங்க!"

விஷயம் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெரியாதவர்கள் திகைத்தார்கள். அனுப்பிரியா சிவந்துபோய் டம்ளரை நீட்டினாள். செம்பியன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பழைய பழக்கம் விடாமல், இன்னொன்று வருமா என்று பார்த்தார்.

இன்னொன்று வந்தது. ஆனால் அவருக்கு இல்லை. ரத்தினம்மாள் அதை வாங்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு தூணோரம் போனார். ரேகாவின் கையைப் பிடித்து அதில் டம்ளரை வைத்தார்.

"இத நீயே உங்கையால எம்புள்ளைக்குக் குடும்மா" என்றார்.

ரேகா பக்கத்திலிருந்த கணவனிடம் டம்ளரை நீட்டினாள். கதிர்வேல் அவள் கையோடு சேர்த்து டம்ளரைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்தபடியே குடித்தான்.

பக்கத்தில் நின்றிருந்த தங்கராசு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருசம்மாள் அவரைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, தானாகவே மூடிக்கொண்டார்.